கிரிஸ்டல் தாமதமாகக் கிளம்பினால்: கேள்வி பதில்

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், கடிகாரத் துடிப்பு தரும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அதிரத் தொடங்க (கிளம்ப) 6, 7 விநாடி ஆகிறது. சில போர்டுகளில் கிளம்புவதே இல்லை. கிரிஸ்டல் மட்டமானதா?

பதில்: பெரும்பாலும் கிரிஸ்டல் நல்லதுதான், இந்தச் சிப்புக்குப் பொருந்தாதது. லோடு கெபாசிட்டன்ஸ் (கிரிஸ்டல் சரியான அதிர்வெண்ணில் ஓட வெளியே இருக்க வேண்டிய கெபாசிட்டன்ஸ்) 12.5 பிகோஃபாரட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதைப் பயன்படுத்தவே கூடாது, 7 அல்லது அதற்குக் குறைவாக வாங்குங்கள் என்று இந்தச் சிப்பின் டேட்டாஷீட்டே சொல்கிறது.

காரணம் கணக்கில் தெரியும். கிரிஸ்டலை அதிர வைக்கும் சிப்பின் உள் சர்க்யூட்டான ஆஸிலேட்டருக்குக் குறைந்தபட்சம் தேவைப்படும் கெயின் (பெருக்கும் திறன்) = 4 × இ.எஸ்.ஆர். × (6.28 × அதிர்வெண்)² × (ஷன்ட் கெபாசிட்டன்ஸ் + லோடு கெபாசிட்டன்ஸ்)². இ.எஸ்.ஆர். (கிரிஸ்டலின் உள் ரெசிஸ்டன்ஸ்) 70 கிலோஓம், ஷன்ட் (கிரிஸ்டலின் சொந்தக் கெபாசிட்டன்ஸ்) 1.3 பிகோஃபாரட் என்று வைத்தால், 12.5 கிரிஸ்டலுக்கு 2.26 மைக்ரோஆம்பியர்/வோல்ட் வரும். சிப் தருவது 5. அதாவது 2.2 மடங்கு, நம்பகமாகக் கிளம்ப நமக்கு வேண்டியதோ 5 மடங்கு. இதே கணக்கில் 6 பிகோஃபாரட் கிரிஸ்டலைப் போட்டால் தேவை 0.63, கிட்டத்தட்ட 8 மடங்கு கிடைக்கிறது. லோடு வர்க்கமாக உள்ளே வருவதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

ஆனாலும் மில்லிவிநாடியில் கிளம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வகைக் கிரிஸ்டலின் உள் இண்டக்டன்ஸ் ஆயிரக்கணக்கான ஹென்றி. நாய்ஸிலிருந்து அலை வளர நேரம் பிடிக்கும். இந்தச் சிப்பில் 25 டிகிரியில் 2.5 விநாடி, 0 டிகிரியில் 6 விநாடி சகஜம். கோடில் டைம்அவுட்டை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: கிரிஸ்டல் பின்னில் ஸ்கோப் வைத்தால் அதிர்வு நின்றுவிடுகிறது, விரல் வைத்தால் கிளம்புகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். 1x புரோபின் கெபாசிட்டன்ஸ் 100 பிகோஃபாரட்டை ஒட்டி இருக்கும், 10x கூட 10 முதல் 15 வரை. 32 கிலோஹெர்ட்ஸ் சர்க்யூட்டுக்கு அதுவே பெரும் சுமை. கிரிஸ்டல் பின்னைத் தொடாமல் அளவெடுங்கள். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் ஆர்டிசி (நேரம் காட்டும் பகுதி) கடிகாரத்தை 64-ஆல் வகுத்து பிசி13 பின்னில் வெளியே எடுக்கலாம். 512 ஹெர்ட்ஸ் வந்தால் ஓடுகிறது.

விரல் விஷயம் வேறு. தொடும்போது ஒரு சின்ன உதை கிடைக்கிறது, கூடவே தோலின் ரெசிஸ்டன்ஸும் பயாஸ் (ஆஸிலேட்டர் இயங்கத் தேவையான நிலை வோல்டேஜ்) தருகிறது. அந்த பயாஸைத் தரும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் உள்ளே இல்லாத சிப் என்றால் வெளியே போட மறந்திருப்பீர்கள்: மெகாஹெர்ட்ஸுக்கு 1 மெகாஓம், 32 கிலோஹெர்ட்ஸுக்கு 10 மெகாஓம். அதெல்லாம் சரியாக இருந்தால் போர்டைக் கழுவுங்கள். மெகாஓம் கணக்கில் நடக்கும் இடத்தில் ஈரம் ஏறிய ஃப்ளக்ஸ் (சால்டரிங்கில் மிஞ்சும் பசை) நல்ல கடத்தி. அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அதன் அதிர்வெண் இந்த வகைக் கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உள்ளே உடைந்துவிடக்கூடும்.

கேள்வி: 18 பிகோஃபாரட் கிரிஸ்டலுக்கு இரண்டு பக்கமும் 18 போட்டால் போதும்தானே?

பதில்: இல்லை. இரண்டும் சீரிஸில் வருவதால் 9 தான் கிடைக்கும், டிராக்குகளின் பங்கு 4 என்றால் மொத்தம் 13. அதிர்வெண் கொஞ்சம் ஏறும். 2 × (18 − 4) = 28, ஆகவே 27 போடுங்கள். மறுபக்கம், இருக்கட்டுமே என்று 47 போடுவதுதான் கிளம்பும் நேரத்தைக் கெடுக்கும்.

கேள்வி: மார்ஜின் (கிரிஸ்டல் கிளம்பத் தேவையானதுக்கு மேல் இருக்கும் உபரி) போதுமா என்று சால்டரிங் அயர்னோடு சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, கணக்கைவிட நம்பகமானது. கிரிஸ்டலுக்கு சீரிஸில் ஒரு சின்ன சர்ஃபேஸ் மவுண்ட் ரெசிஸ்டர் சேர்த்து, மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுங்கள். கிளம்பாமல் போகும்வரை மதிப்பைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியாகக் கிளம்பிய மதிப்போடு இ.எஸ்.ஆர். சேர்த்தால், அது இ.எஸ்.ஆர்.-ஐப் போல 5 மடங்காவது இருக்க வேண்டும். 80 ஓம் கிரிஸ்டல் என்றால் 320 ஓம் சேர்த்தும் கிளம்ப வேண்டும். டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வேண்டாம், அதன் சொந்தக் கெபாசிட்டன்ஸ் குழப்பும். உங்கள் கருவி சந்திக்கும் மிகக் குறைந்த வோல்டேஜிலும், வெப்பநிலையின் இரண்டு எல்லைகளிலும் செய்யுங்கள்.

கேள்வி: ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ரீசெட்டுக்குப் பின் 65 மில்லிவிநாடி கழித்துத்தான் கோடு ஓடுகிறது. கெபாசிட்டரை மாற்றியும் பயனில்லை.

பதில்: மாற்றியும் பயன் இருக்காது. அது எஸ்யுடி ஃப்யூஸ் (தொடக்கத் தாமதத்தை முடிவு செய்யும் சிப்பின் உள் அமைப்பு) போடும் காத்திருப்பு. கிரிஸ்டலுக்கான 16,384 சுற்றுகள் 16 மெகாஹெர்ட்ஸில் 1 மில்லிவிநாடிதான். மீதி முழுக்க சிப்பே வைக்கும் தாமதம். சப்ளை வேகமாக ஏறுகிறது, பிரவுன்அவுட் டிடெக்டரும் (வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் பகுதி) இயங்குகிறது என்றால் குறைந்த தாமதத்துக்கு மாற்றலாம்.