உதரபந்தமும் ஒட்டியாணமும் ஒன்றா?

கேள்வி: சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய கட்டுரைகளில் உதரபந்தம், மேகலை, பட்டிகை ஆகிய சொற்கள் மாறி மாறி வருகின்றன. இவை எல்லாமே இன்றைய ஒட்டியாணத்தைத்தான் குறிக்கின்றனவா?

பதில்: இல்லை. இவற்றுள் உதரபந்தம் இடுப்பில் அணிவதே அன்று. உதரம் என்றால் வயிறு. மார்புக்குக் கீழே, உந்திக்கு, அதாவது தொப்புளுக்கு, மேலே வயிற்றைச் சுற்றிக் கட்டும் ஒடுங்கிய பட்டை அது. இதற்குத் திருப்பாணாழ்வாரைவிட நல்ல சாட்சி கிடையாது. திருவரங்கனைத் திருவடியில் தொடங்கி மேல்நோக்கிப் பாடும் அமலனாதிபிரானில், அரைச் சிவந்த ஆடை இரண்டாம் பாசுரத்திலும், உந்தி மூன்றாவதிலும், ‘திருவயிற்று உதரபந்தம்’ நான்காவதிலும், மார்பு ஐந்தாவதிலும் வருகின்றன. கண் ஏறிய வரிசையிலேயே பாட்டும் ஏறுவதால், அந்த அணியின் இடம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது.

மேகலை பெண்கள் அரையில் அணிந்த மணிக்கோவை. கோவைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெயரே மாறியதை உரைகாரர்கள் வழியே அறிகிறோம்: மேகலைக்கும் காஞ்சிக்கும் ஏழு அல்லது எட்டு, கலாபத்துக்குப் பதினாறு, பருமத்துக்குப் பதினெட்டு, விரிசிகைக்கு முப்பத்திரண்டு. கடலாடச் செல்லுமுன் மாதவி அணிந்ததைச் சிலப்பதிகாரம் ‘முப்பத்திருகாழ்’ என்கிறது. காழ் என்பது மணிவடம்; எனவே அது விரிசிகை. இத்தனை நுட்பமான பெயர்களை எல்லாம் இன்று ஒட்டியாணம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பட்டிகை, பெயர் காட்டுவது போலவே, பட்டையாக அமைந்த அரையணி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த நகைகளின் எடையைக் கழஞ்சுக் கணக்கில் பதியும்போது, இதைத் ‘திருப்பட்டிகை’ என்று குறிக்கின்றன. இன்றைய ஒட்டியாணத்துக்கு மிக நெருங்கியது இதுவே என்பது என் கருத்து. சிற்ப நூலார் வழக்கில் அரைநாணுக்குக் கடிசூத்திரம் என்று பெயர். சோழர் படிமங்கள் பலவற்றில் அதன் நடுவே சிங்கமுகக் கொக்கி ஒன்று இருக்கும்.

அடுத்த முறை ஒரு திருமேனியின் முன் நிற்கும்போது முதலில் உந்தியைப் பாருங்கள். அதற்கு மேலே ஓடுவது உதரபந்தம். கீழே ஆடையைப் பற்றி நிற்பது அரையணி.