நிலக்கரி ரேக்கும் இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டும்: கேள்வி பதில்

இந்திய ரயில்வேயின் வரவு செலவு குறித்துச் சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சரக்குக் கட்டணக் கணக்குகளை நெடுங்காலம் கவனித்துவரும் நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஐயா, நிலக்கரி ஏற்றுவது குறைந்தால் பயணிகள் ஏன் கவலைப்பட வேண்டும்?

2023-24இல் இந்திய ரயில்வே ஏற்றிய ஏறத்தாழ 159 கோடி டன் சரக்கில் பாதி நிலக்கரி. பயணியை ஏற்றிச்செல்ல 100 ரூபாய் செலவானால் அவரிடம் 54 ரூபாய்தான் பெறுவதாக ரயில்வே அமைச்சே சொல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சரக்கின் உபரிதான் ஈடுகட்டுகிறது. ஊரிலிருக்கும் நம் பெற்றோர் இரண்டாம் வகுப்பில் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போய்வரும் செலவில் ஒரு பங்கை, ஒடிசாவின் தால்ச்சேரில் கரி ஏற்றிப் புறப்படும் வண்டி ஏற்றுக்கொள்கிறது என்றே நான் பார்க்கிறேன். 100 ரூபாய் ஈட்ட 98 ரூபாய்க்குமேல் செலவிடும் நிறுவனத்துக்கு, அந்த உபரி சற்றுக் குறைந்தாலும் தாங்காது.

தெம்பனிஸ் வாசகி: ஆனால் ஏற்றும் அளவு கூடுவதாகத்தானே செய்தி வருகிறது?

உண்மைதான்; ஆயினும் டன்னை மட்டும் பார்த்தால் போதாது, தூரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கோடி டன் 1,000 கிலோமீட்டர் போனால், எடையைத் தூரத்தால் பெருக்கிய கணக்கில் 1,000 கோடி டன்-கிலோமீட்டர், அதுவே 1.2 கோடி டன்னாகப் பெருகி 600 கிலோமீட்டர் மட்டும் போனால் 720 கோடிதான். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான வீதம் இறங்குவதால் வருவாய் அதே அளவுக்குச் சரியாது என்றாலும், சரிவு சரிவுதான். சுரங்கத்தை ஒட்டியே அனல் மின்நிலையம் அமைந்தால் கரிக்குப் பதிலாக மின்சாரமே கம்பி வழியாகப் பயணம் செய்கிறது. 2030க்குள் 500 கிகாவாட் மின்திறனைக் கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராமல் அமைப்பது என்ற இந்தியாவின் இலக்கும் இதனுடன் சேர்கிறது.

பாசிர் பாஞ்சாங் துறைமுக ஊழியர்: கொள்கலன்களை ஏற்றி ஈடுகட்டலாமே?

இங்குதான் சிக்கல். 58 வேகன்களை ஒரே தொடராகக் கோத்த ஒரு ரேக்கில் ஏறக்குறைய 4,000 டன் கரி ஏறும். அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், வழியில் பிரிக்கவோ சேர்க்கவோ வேண்டியதில்லை. கொள்கலனுக்கோ இரு முனைகளிலும் லாரி வேண்டும். அந்த லாரியே முழுத் தூரமும் ஓடத் தயாராக நிற்கும்போது ரயில்வே கட்டணத்தைக் குறைத்துத்தான் போட்டியிட முடியும். பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் நீளும், சரக்கு ரயில்களுக்கென்றே அமைந்த கிழக்குச் சரக்குப் பாதை பெரிதும் கரியை நம்பி, உலக வங்கிக் கடனும் பெற்றுக் கட்டப்பட்டது. கரி குறைந்தாலும் கடன் தவணை குறையாது. துறைமுகங்களை இணைக்கும் மேற்குப் பாதையின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பொங்கோல் வாசகர்: கட்டணத்தை உயர்த்தினால் தீராதா?

2025 ஜூலையில் பயணக் கட்டணம் உயர்ந்தபோது, குளிர்சாதன வகுப்புக்கே கிலோமீட்டருக்கு 2 காசுதான் கூடியது. கரிக் கட்டணத்தை ஏற்றினாலோ அனல் மின்சாரம் விலையேறி, சூரிய மின்சாரத்துக்கே வழிவிடும். ரயில்வே தன் மிகப் பெரிய வாடிக்கையாளரைத் தானே இன்னும் விரைவாக இழக்கும்.