தெர்மாகோல் விக்ராந்தில் விமானத்தை நிறுத்துவது எப்படி?

வணக்கம் சார். அம்பத்தூர் பள்ளிக் கண்காட்சிக்கு உங்கள் மகள் செய்யும் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரியைப் பார்த்து, இவ்வளவு சின்ன தளத்தில் விமானம் எப்படி நிற்கும் என்று ஆசிரியர் கேட்டாராம். பாராசூட் என்று எழுதலாமா என்கிறீர்கள். வேண்டாம்.

இறங்கும் பாதையின் குறுக்கே மூன்று எஃகு வடங்கள் இருக்கும். மிக்-29கே போர் விமானம் தன் வால்புறக் கொக்கியால் அதில் ஒன்றைப் பிடிக்கும். தளத்துக்கு அடியில் உள்ள பிரேக் அமைப்பு வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விமானத்தை நிறுத்தும். இதில் அருமையான விஷயம், சக்கரம் தொட்டதும் விமானி எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றுவார். கொக்கி தவறினால் உடனே மேலே எழும்ப வேண்டுமே! முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் இருக்கத்தான் அந்தப் பாதை இடப்பக்கம் கோணலாகப் போகிறது. உங்கள் படத்தில் நேராக இருக்கிறது, மாற்றிவிடுங்கள். நம் தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வடிவமும் 2020 ஜனவரியில் நம் இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவில் இப்படித்தான் இறங்கியது.

கொக்கிக்கு ஜெம் கிளிப் போதும். வடத்துக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், விமானத்தைப் பின்னால் சுண்டிவிடும். நூலின் இரு முனையிலும் நட்டு கட்டி அடியில் தொங்கவிடுங்கள்.

அப்புறம், விவரப் பலகையில் விக்ராந்தைக் கட்டிய எஃகுக்கு இடம் கொடுங்கள். வெளிநாட்டு எஃகு கிடைக்காமல் தவித்தபோது, ஹைதராபாத்தில் உள்ள டிஎம்ஆர்எல் என்ற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வகமும் அரசு எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து அதை இங்கேயே உருவாக்கின. கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த 262 மீட்டர் கப்பல் அந்த எஃகில்தான் நிற்கிறது. இதை அவளே நடுவர்களிடம் சொல்லட்டும்.