வாளின் வாலில் வெட்டிய பெயரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: யோகோஹாமாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் வாகிசாஷி எனப்படும் குட்டை வாள் ஒன்றைப் பார்த்தேன். பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதியில் 'நாகாசோனே ஒகிசாட்டோ ந்யூடோ கோடெட்சு' என்று வெட்டியிருக்கிறது. விலை 3,80,000 யென். அரசுப் பதிவுச் சான்று இருப்பதால் அசல்தான் என்கிறார் கடைக்காரர். பிடியைக் கழற்றி எடுத்த நான்கு படங்களை அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: கோடெட்சு செய்த வாள் என்று நினைத்து வாங்காதீர்கள். வாள் பிடித்திருந்து, பெயரே இல்லாத வாளுக்குரிய விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

முதலில் அந்தப் பதிவுச் சான்று. அதை 'டொரோகுஷோ' என்பார்கள். மாகாணக் கல்வி வாரியம் தருவது. வாளின் நீளம், வளைவு, பிடியைப் பொருத்த வாலில் போடும் துளைகளின் எண்ணிக்கை, என்ன எழுத்து வெட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுத்தைக் கண்ணில் பட்டபடி பதிந்து கொள்வார்களே தவிர, அது உண்மையா என்று சொல்ல மாட்டார்கள். வாளை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். ஆனாலும் அது கட்டாயம் வேண்டும். அளவு பொருந்துகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். வாங்கினால் 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தை அந்த வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இப்போது பெயருக்கு வருவோம். வாளில் வெட்டும் கையெழுத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'மெய்'. பொய்க் கையெழுத்து 'கிமெய்'. கோடெட்சு 17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்தவர். கவசம் செய்துகொண்டிருந்துவிட்டு வாள் தொழிலுக்கு வந்தவர். அவர் பெயரில் போலிகள் குவிந்ததால், 'கோடெட்சுவைக் கண்டால் போலி என்று நினை' என்று ஒரு சொலவடையே உண்டு. ஷோகுன் ஆட்சிக்காகக் கியோட்டோவில் காவல் செய்த ஷின்செங்குமி படையின் தலைவர் கொண்டோ இசாமி, 1864இல் அங்கே நடந்த இகெடாயா விடுதிச் சண்டைக்குப் பிறகு எழுதிய கடிதத்தில் தன் வாள் கோடெட்சு என்று பெருமையோடு சொல்கிறார். அந்த வாளும் பொய்க் கையெழுத்துதான் என்பது பலருடைய கருத்து. எடோ காலத்தின் கடைசியில், அதாவது 19ஆம் நூற்றாண்டில், ஹோசோதா நவோமிட்சு என்றொருவர் இருந்தார். காஜிஹெய் என்ற பெயரில் அறியப்பட்டவர். தானே நல்ல வாள் கொல்லராக இருந்தும், பெரிய பெயர்களைப் பிரமாதமாகப் போலி செய்தார். ஆகவே 'எழுத்து அழகாக இருக்கிறது' என்பது ஒரு சாட்சியே இல்லை.

சரி, உங்கள் படங்களைப் பார்ப்போம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். துருவின் நிறம் கருப்பு கலந்த பழுப்பு. முன்னூறு வருட வாலுக்கு இந்த நிறம் பொருத்தமானதுதான். ஆனால் கடைசி எழுத்தின் கோடுகளுக்குள் மட்டும் செம்மண் பொடி மாதிரி இளந்துரு தெரிகிறது. எழுத்து பழையது என்றால், வெளியே இருக்கும் அதே துரு கோட்டின் அடியிலும் இருந்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது அதே எழுத்தின் இடப்பக்கம் இருக்கும் சிறு துருக்குழி. உளிக்கோடு அந்தக் குழிக்குள் இறங்கி ஏறுகிறது. அதாவது குழி விழுந்த பிறகுதான் உளி அந்த வழியே போயிருக்கிறது. கொல்லர் எழுத்து வெட்டியது புது இரும்பில். அன்றைக்கு அங்கே குழி ஏது?

நான்காவது படத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. வாளைக் குட்டையாக்கும்போது வால் பக்கத்தைத்தான் வெட்டுவார்கள், மேலே புதுத் துளை போடுவார்கள். அப்படிச் செய்தால் பழைய எழுத்து வாலின் நுனிப் பக்கம் தள்ளிப்போகும், சில சமயம் பாதி வெட்டுப்பட்டே போகும். உங்கள் வாளில் புதுத் துளைக்குக் கீழே, அளந்து வைத்தாற்போல் எழுத்து நட்டநடுவில் நிற்கிறது. குட்டையாக்கிய பிறகு வெட்டியது என்றே எனக்குப் படுகிறது.

நேரில் போனால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். உளி இரும்பைத் தள்ளும்போது கோட்டின் ஓரத்தில் சின்ன வரப்பு எழும்பும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாலை மட்டும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள் (அலகைத் தொடவே கூடாது, கைபட்ட இடம் துருப்பிடிக்கும்). பழைய வரப்பு மழுங்கியிருக்கும், புதியது விரலைக் கீறும். கோடெட்சு தன் பெயரில் 'கோ' என்று ஒலிக்கும் 'டோரா', அதாவது புலி என்ற எழுத்தை முதலில் ஒரு விதமாகவும் 1664 வாக்கிலிருந்து பெட்டி போன்ற வேறு விதமாகவும் வெட்டினார். அசல் கையெழுத்துகளை மையொற்றி எடுத்த பிரதிகள் 'ஒஷிகாட்டா' என்ற பெயரில் புத்தகங்களாக வந்திருக்கின்றன. அவற்றோடு கோடு கோடாக ஒப்பிடலாம்.

ஆனால் பழகியவர்கள் கடைசியில்தான் வாலைப் பார்ப்பார்கள். முதலில் வாளின் உருவம், பிறகு இரும்பின் மேனி, பிறகு வெட்டும் விளிம்போரம் ஓடும் வெள்ளைக் கோலம். கோடெட்சுவின் பிற்கால வாள்களில் அந்தக் கோலம் ஜபமாலை மணிகளைக் கோத்தது போல உருண்டு உருண்டு வரும். உங்கள் முதல் படத்தில் இருப்பது ஏறக்குறைய நேர்க்கோடு. இரும்பு ஒரு பெயரையும் வால் இன்னொரு பெயரையும் சொன்னால், நான் இரும்பைத்தான் நம்புவேன்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பல வருடம் முன்பு சுகெஹிரோ என்ற இன்னொரு புகழ்பெற்ற கொல்லரின் பெயர் வெட்டிய ஒரு வாகிசாஷியைக் கடையின் மங்கல் வெளிச்சத்தில் பார்த்து, பெயரில் மயங்கி வாங்கினேன். மதிப்பீட்டுக்கு அனுப்பினேன், கிமெய் என்று திரும்பி வந்தது. பொய்ப் பெயரை அழித்துவிட்டு, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்பலாம் என்றார்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அழித்தால் திரும்ப வராதே! அந்த வாள் இன்றும் பொய்ப் பெயரோடு என்னிடம் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆசை விடவில்லையென்றால், கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: 'மதிப்பீட்டுக்கு அனுப்புகிறேன். கிமெய் என்று வந்தால் பணம் திருப்பித் தருவதாக எழுதித் தருகிறீர்களா?' தயங்கினால் விலகிவிடுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டுச் சான்றிதழ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: யார் தந்தது, எப்போது தந்தது என்று பாருங்கள். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ்தான் சந்தையில் அதிகம் செல்லும். ஹோசோன், டொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டொகுபெட்சு ஜூயோ என்று நான்கு தரங்களாகப் படிப்படியாக உயரும். இந்த முறை 1982இலிருந்து இருக்கிறது. அதற்கு முன்பு அந்தச் சங்கம் தந்த பச்சைக் காகிதச் சான்றிதழ்களை இன்று யாரும் அதே அளவுக்கு நம்புவதில்லை. பெரிய பெயர் என்றால் புதிதாக மதிப்பிடச் சொல்லுங்கள். சான்றிதழில் வாலின் படம் ஒட்டியிருக்கும். கையில் உள்ள வாலோடு துளை, துருக்கறை, எழுத்துச் சாய்வு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு வாளின் காகிதம் இன்னொரு வாளோடு வந்துவிடக் கூடாது.

கேள்வி: பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து ராணுவ வாள் ஒன்று தாத்தா வீட்டில் கிடந்தது. வாலில் எழுத்து தெரிகிறது, ஆனால் துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். அந்தத் துருதான் வயதுக்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் அப்புறம் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன முத்திரை ஏதாவது குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். 'ஷோவா' அல்லது 'செகி' முத்திரை என்றால் பெரும்பாலும் போர்க்காலத்தில் தொழிற்சாலை முறையில் செய்தது. நட்சத்திர முத்திரை என்றால் ராணுவம் அங்கீகரித்த கொல்லர் பழைய முறையில் செய்தது. போர்க்காலத்தில் கொல்லரின் பெயரை வெட்டுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். ஆகவே கொல்லர் கைப்பட வெட்டாத எழுத்தெல்லாம் போலி ஆகிவிடாது. சில அதிகாரிகள் குடும்பத்துப் பழைய வாளையே ராணுவ உறையில் போட்டு எடுத்து வந்தார்கள், அதனால் முத்திரை இல்லையென்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வாலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்தைப் படித்துச் சொல்கிறேன்.