பீரோ சாவி யாரிடம்? வீட்டு நகை, விக்கிரகம், வெள்ளிச் சாமான் பற்றிய கேள்வி பதில்

சென்னையில் சிவில் வழக்குகள் பார்க்கும் வக்கீல் நான். பாகப்பிரிவினை என்றாலே வீடு, மனை என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு ஜோடித் தோட்டுக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன அக்கா தங்கைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், இதை மட்டும் நம்பாமல் உங்கள் பேப்பர்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

மந்தைவெளி: அம்மா தவறி மூன்று மாதம் ஆகிறது. அப்பா இருக்கிறார். நாங்கள் இரண்டு பெண்கள், ஒரு தம்பி. பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு அக்கா பீரோவைத் திறந்து எட்டுக்கல் பேசரி, ஏழுகல் வைரத்தோடு, காசுமாலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அம்மா எனக்குத்தான்னு சொல்லியிருக்கா" என்கிறாள். உயில் கிடையாது. என்ன செய்யலாம் மேடம்?

அம்மா எப்போது கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்பதுதான் முதல் கேள்வி. உயிரோடு இருக்கும்போதே மூக்கிலிருந்து கழற்றி "இந்தா, இனிமே இது உன்னோடது" என்று அக்கா கையில் கொடுத்திருந்தால் அது தானம். நகை அசையும் பொருள் என்பதால் பத்திரமோ ரிஜிஸ்டரோ வேண்டாம், கையில் ஒப்படைத்தாலே செல்லும். "எனக்கப்புறம் நீ எடுத்துக்கோ" என்று சொன்னது மட்டும்தான் என்றால் அது உயிலும் இல்லை, தானமும் இல்லை. வாய்மொழி உயில் போர்முனையில் இருக்கும் ராணுவத்தினர் போன்ற ஒரு சிலருக்குத்தான் செல்லும், மந்தைவெளியில் செல்லாது.

அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவின்படி கணவர், மகன், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. உங்கள் வீட்டில் நான்கு பங்கு. "நகை பெண்ணுக்கு, வீடு பிள்ளைக்கு" என்று நம் வீடுகளில் சொல்வார்கள், ஆனால் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தம்பிக்கும் பேசரியில் கால் பங்கு உண்டு, அப்பாவுக்கும் உண்டு. அப்பாவை யாருமே கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அம்மா தானம் கொடுத்தார் என்று சொல்வது அக்கா, ஆகவே நிரூபிக்க வேண்டியதும் அக்காதான். நீங்கள் இன்றே செய்ய வேண்டியது ஒரு பட்டியல். கல்யாண ஆல்பம், சீமந்த வீடியோ, பழைய நகைக்கடை பில், அடகு வைத்திருந்தால் அந்த ரசீது, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். போன வருஷம் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பில் அம்மா அந்தத் தோட்டோடு நிற்கும் போட்டோ ஒன்று இருந்தால், "பத்து வருஷம் முன்னாடியே எனக்குக் கொடுத்துட்டா" என்ற கதை ஆட்டம் கண்டுவிடும்.

அதே வாசகி: சரி, நான்கு பங்கு. ஒரு ஜோடித் தோட்டை எப்படி நான்காகப் பிரிப்பது?

கல்லை எண்ணிப் பிரிக்கிறேன் என்று ஆளுக்கு ஒரு தோடு எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். சட்டம் உங்களுக்குத் தருவது மதிப்பில் பங்கு. அந்தப் பொருளேதான் வேண்டும் என்றால் பேசித்தான் வாங்க வேண்டும்.

முதலில் மதிப்பு. தராசில் அப்படியே வைத்துக் கிராம் கணக்குப் போடாதீர்கள். பழைய அட்டிகை, ஒட்டியாணத்தில் உள்ளே அரக்கு இருக்கும், கல் எடை இருக்கும். உருக்கினால் நீங்கள் நினைத்த தங்கம் வராது, "நீ ஏமாத்திட்ட" என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும். வைரம் இன்னும் சிக்கல். பின்பக்கம் மூடிப் பழைய முறையில் பதித்திருக்கும் கல்லைப் பிரிக்காமல் சொல்லும் கேரட் எல்லாம் உத்தேசம்தான். யாருக்கும் சொந்தமோ வாடிக்கையோ இல்லாத இரண்டு இடத்தில் எழுத்தில் மதிப்பு வாங்குங்கள், எல்லோரும் சேர்ந்து போங்கள். அக்கா மட்டும் தனக்குத் தெரிந்த தி.நகர் கடைக்குப் போய் வந்து ஒரு தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், தோடு வேண்டும் என்பவர்கள் ஆளுக்கு ஒரு சீட்டில் "இதற்கு நான் இவ்வளவு தருவேன்" என்று எழுதி மூடி வையுங்கள். அதிகம் எழுதியவருக்குத் தோடு, அவர் எழுதிய தொகையை நான்காக்கி மற்ற மூவருக்கும் அவரவர் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். எனக்குப் பிடித்த முறை இதுதான். பாசமா, விலையா என்பது சீட்டிலேயே தெரிந்துவிடும். கையில் பணம் இல்லாதவருக்கு இது அநியாயம் என்பதும் உண்மை, அவருக்கு வீட்டுப் பங்கில் கழித்துக்கொள்ள இடம் கொடுங்கள். குத்துவிளக்கு, வெள்ளிக் கும்பா, பித்தளை அண்டா மாதிரி விலையைவிட ஞாபகம் அதிகம் உள்ள சாமான்களுக்குத் திருவுளச்சீட்டே போதும். ஆனால் சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே "வந்ததை மாற்றக் கேட்க மாட்டேன்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அண்ணா நகர்: அம்மாவின் லாக்கருக்கு அண்ணன் நாமினி. "பேங்க்லயே என் பேர்தான் இருக்கு, எல்லாம் எனக்குத்தான்" என்கிறான்.

நாமினி என்றால் வங்கியிடம் வாங்கிக்கொள்பவர், அவ்வளவுதான். வாரிசுகள் சார்பில் வைத்திருப்பவரே தவிர சொந்தக்காரர் இல்லை. நாமினி எடுத்துக்கொண்டு போகும் முன் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகளை வைத்து லாக்கரில் உள்ளதைப் பட்டியல் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப் பட்டியலின் நகலை விடாமல் கேளுங்கள். அண்ணன் நகையை விற்றுவிடுவான் என்று பயம் இருந்தால் வங்கிக்கு வெறும் லெட்டர் போதாது, கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிக் கொடுத்தால்தான் வங்கி நிறுத்தும்.

பெரம்பூர்: என் கல்யாணத்தில் மாமியார் போட்ட ஆரத்தை, அவர் போன பிறகு நாத்தனார் திருப்பிக் கேட்கிறார். "எங்க பாட்டி நகை" என்கிறார்.

உங்களுக்கு என்று போட்டிருந்தால் அது ஸ்திரீதனம், உங்களுடையது. புருஷனே கேட்க முடியாது, நாத்தனார் எப்படிக் கேட்பார்? ஆனால் "நல்ல நாளுக்குப் போட்டுக்கோ" என்று கொடுத்து, விசேஷம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் மாமியார் லாக்கருக்கே திரும்பிப் போன நகை என்றால் கதை வேறு. அது மாமியார் நகைதான், பங்குக்கு வரும். உங்கள் ஆரம் இத்தனை வருஷம் யார் பீரோவில் இருந்தது?

திருவான்மியூர்: பிள்ளை இல்லாத அத்தை போன மாதம் தவறிவிட்டார். மாமா முன்பே போய்விட்டார். அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது என் அப்பாதான், அத்தையின் தம்பி. இப்போது மாமாவின் அண்ணன் மகன்கள் வந்து நகையைக் கேட்கிறார்கள். அது எங்கள் தாத்தா போட்டு அனுப்பிய நகை மேடம்!

படித்ததும் வயிறு எரிந்தது, ஆனால் பதில் உங்களுக்குச் சாதகமாக இல்லை. பிள்ளையும் கணவரும் இல்லாத இந்துப் பெண்ணின் சொத்து, உயில் இல்லாவிட்டால், முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பிறந்த வீடு அதற்கு அப்புறம்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லையென்றால், தகப்பனாரின் வாரிசுகளுக்கே திரும்பும். "தாத்தா போட்டது" என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். கல்யாணத்தில் சீராகப் போட்டது அன்பளிப்பு, வாரிசாக வந்தது இல்லை, ஆகவே விதிவிலக்குக்குள் வராது. தாத்தா பாட்டி இறந்த பிறகு பங்கில் வந்த நகைகள் இருந்தால் அவை வரும். ஆகவே ஒவ்வொரு நகையும் எப்படி வந்தது என்று தனித்தனியாகப் பாருங்கள். பாட்டியின் பங்காக வந்தவற்றுக்குப் பழைய கடிதமோ பாகப்பிரிவினைக் குறிப்போ கிடைத்தால் அதுவே உங்கள் துருப்புச்சீட்டு.

கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்கு இந்தச் சட்டம் தனியாக எதுவும் தருவதில்லை. இது நியாயம் இல்லை என்பது என் கட்சி. அத்தை ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, சாட்சி இரண்டு பேர் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும், ரிஜிஸ்டர்கூட வேண்டாம். பிள்ளை இல்லாத சித்தி, பெரியம்மா, அத்தை உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மேற்கு மாம்பலம்: அண்ணன் இறந்து, இப்போது அம்மாவும் போய்விட்டார். அம்மா நகையில் அண்ணி பங்கு கேட்கலாமா?

அண்ணியால் முடியாது, அண்ணனின் குழந்தைகளுக்கு உண்டு. இதுவே அப்பாவின் சொத்தாக இருந்தால் அண்ணிக்கும் சேர்த்து உண்டு. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், சட்டம் அப்படி.

மயிலாப்பூர்: பூஜை அறையில் பஞ்சலோக நவநீத கிருஷ்ணர், தஞ்சாவூர் ஓவியம் ஒன்று, இரண்டும் கொள்ளுத்தாத்தா காலத்தவை. அமெரிக்காவில் இருக்கும் தம்பி எடுத்துப் போகிறேன் என்கிறான்.

நூறு வருஷம் தாண்டியிருந்தால் தம்பி எடுத்துப் போக முடியாது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி அவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, ஏர்போர்ட்டில் பிடித்தால் வீட்டுக் கிருஷ்ணர் என்ற கதை எடுபடாது. இன்னொன்று, அந்த வயதுடைய உலோகச் சிலையும் ஓவியமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் செய்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும் அப்படித்தான். விக்கிரகம் பூஜை அறையில் நிற்கும் பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தொல்பொருள் பதிவு அலுவலரிடம் போங்கள். கையில் பேப்பர் இல்லாமல் யாருக்காவது விற்கப் போனால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கோயிலிலிருந்து?" என்பதாகத்தான் இருக்கும்.

ராயபுரம்: நாங்கள் கிறிஸ்தவர்கள். இதே கணக்கா?

இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பம் என்றால் அதுவும் வேறு கணக்கு.

வேளச்சேரி: பங்காக வந்த நகையை விற்றால் வரி உண்டா?

பங்கு வந்ததற்கு வரி இல்லை. விற்றால் லாபத்துக்கு உண்டு. அம்மா 2001-க்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். ஆடிட்டரைப் பாருங்கள்.

நங்கநல்லூர்: வக்கீல் நோட்டீஸ் விட்டால் உறவு அறுந்துவிடும் என்று அம்மா அழுகிறார். போலீஸுக்குப் போகலாமா?

போலீஸில் "சிவில் மேட்டர்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூடவே தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். வழக்குப் போடுவதற்கு முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து எல்லோரையும் கூப்பிட்டுப் பேச வைக்கலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது. வெளியிலேயே பேசி முடித்தால் யார் எதை எடுத்தார், யார் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார் என்று எழுதி, போட்டோக்களை ஒட்டி, பெரியவர்கள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மருமகன்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் போதும், பேச்சுவார்த்தைக்கு வேண்டாம்.