வானமும் வாசகரும்: மொட்டைமாடியில் இனி என்ன வேலை?

கேள்வி: சிலியில் உள்ள ரூபின் தொலைநோக்கி, சில இரவுகளுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் படம் பிடிக்குமாமே! இனி உங்களைப் போல மொட்டைமாடியில் நின்று விண்மீன் பார்ப்பவர்களுக்கு என்ன வேலை, ஐயா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: நிறைய இருக்கிறது, அம்மா. 2025 ஜூனில் அதன் முதல் படங்கள் வெளியான இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. 3,200 மெகாபிக்சல் கேமரா! ஆனால் அது மிக மங்கலானவற்றைத் தேடும் கண். நாம் வெறுங்கண்ணால் காணும் விண்மீன்களின் ஒளி அதில் நிரம்பி வழிந்துவிடும், அளக்க முடியாது. அவற்றை அளப்பது எங்கள் வேலை.

உதாரணமாக, டி கரோனா போரியாலிஸ் என்ற இரட்டை விண்மீனைச் சொல்கிறேன். சுமார் 3,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிவப்புப் பூத விண்மீனிலிருந்து வாயு வழிந்து பக்கத்து வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) மீது படிகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் அணுக்கரு வினை பற்றிக்கொண்டு வெடிக்கிறது. 1866-லும் 1946-லும் அப்படி வெடித்தது. 1946-க்குச் சற்று முன் அது மங்கியது என்பதை அமெச்சூர்களின் குறிப்புகள்தான் இன்றைய ஆய்வாளர்களுக்குச் சொல்கின்றன. 2023-ல் அதே போன்ற மங்கல் தென்பட்டதால்தான் உலகமே காத்திருக்கத் தொடங்கியது. 2024-ல் வெடிக்கும் என்ற கணிப்பு பொய்த்தது. அதற்காக நான் ஓர் இரவையும் விடவில்லை.

அமெரிக்காவின் ஓஹையோவைச் சேர்ந்த லெஸ்லி பெல்டியர் 25 ஆண்டுகள் அதைக் கண்காணித்தவர். 1946 பிப்ரவரியில் ஒருநாள் பின்னிரவில் எழுந்தார். சளி பிடிப்பது போலிருக்க, மறுபடி படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

கேள்வி: வானியல் பட்டம் இல்லாதவர் எழுதும் எண்களை விஞ்ஞானிகள் நம்புவார்களா? (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ராதாகோபிந்த சந்திரா, இன்றைய வங்கதேசத்தின் ஜெஸ்ஸோரில் அரசுக் கருவூல ஊழியர். 1918-ல் கருடன் மண்டலத்தில் தோன்றிய நோவாவை (திடீரென வெடித்து ஒளிரும் விண்மீனை) தாமே கண்டறிந்தார். அமெரிக்க மாறொளிர் விண்மீன் (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) பார்வையாளர் சங்கத்துக்கு 37,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அனுப்பினார். அந்தச் சங்கமே அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தது. பிற்காலத்தில் அது வானியலாளர் வைணு பாப்புவின் கைக்குச் சென்று, உங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: டி கரோனா போரியாலிஸ் வெடித்தால் எனக்கு எப்படித் தெரியும்? (மாணவர், தருமபுரி)

பதில்: ஆனி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு, உச்சிக்குச் சற்று வடக்கே பாருங்கள். சுவாதி, அபிஜித் என்ற இரு பிரகாசமான விண்மீன்களுக்கு இடையில், சுவாதியை ஒட்டி, உடைந்த வளையல் துண்டு போல விண்மீன்கள் வளைந்திருக்கும். அதில் ஒன்று மட்டும் நன்கு பிரகாசமானது. இப்போதே அந்த வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வளையலின் கிழக்கு முனையருகே, அந்தப் பிரகாசமான விண்மீனுக்கு இணையான புதிய ஒளி தெரிந்தால் நேரத்தை நிமிடத்தோடு குறியுங்கள். சில நாட்களிலேயே அது வெறுங்கண்ணுக்கு மறைந்துவிடும். எந்த நேரமானாலும் என்னை எழுப்புங்கள்.