வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம்: தானாக நின்றால் விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் நல்ல சிவப்பாகப் போயிற்று. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. மறுநாளே தெளிந்துவிட்டது, அதன் பிறகு வரவில்லை. சூட்டினால் வந்திருக்கும், நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்று வீட்டில் சொல்கிறார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் புகைபிடித்து, 4 ஆண்டுகளுக்கு முன்புதான் நிறுத்தினேன். மருத்துவரைப் பார்ப்பது அவசியமா?

பதில்: அவசியம். அதையும் தள்ளிப்போடாமல் இந்த வாரத்திலேயே செய்யுங்கள். வலி இல்லை, தானாக நின்றுவிட்டது என்ற இரண்டையும் நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். நானோ அவ்விரண்டையும் படித்த பிறகுதான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

சிறுநீரகக் கல் நகர்ந்து இரத்தம் வந்தால், பெரும்பாலும் விலாவின் பின்புறத்திலிருந்து தொடையிடுக்கு வரை பாயும் கடும் வலி உடன் இருக்கும். கிருமித்தொற்று என்றால் நீர்க்கடுப்பும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும், சில சமயம் காய்ச்சலும் காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுக்கட்டியோ தொடக்கத்தில் வலி என்பதே இல்லாமல் வளரக்கூடியது; அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று உடைந்தால் சிறுநீர் சிவக்கும், அது அடைபட்டுக்கொண்டால் தெளிந்துவிடும், மீண்டும் உடைவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். இந்த இடைவெளியைத்தான் நோயாளிகள் குணமாகிவிட்டதாக எண்ணி ஏமாறுகிறார்கள். இந்த நேரத்தில் யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், மாத்திரையால்தான் நின்றது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. பெண்களிடம் இது இன்னும் அதிகம். ஒவ்வொரு முறையும் தொற்று என்றே மருந்து கொடுக்கப்பட்டு, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைகூடச் செய்யப்படாமல் காலம் கடந்து வருபவர்களைப் பார்க்கையில் மனம் வேதனைப்படுகிறது.

உங்களுக்குப் புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை. உங்கள் வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தாலும் இப்படி வலியின்றி இரத்தம் கசியும். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் புகைப்பழக்கம். அதை நிறுத்திய பிறகு ஆபத்து குறைந்துகொண்டே வந்தாலும் 4 ஆண்டுகளில் நீங்கிவிடுவதில்லை. கட்டி உட்சுவரைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், வயிற்றைத் திறக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்தி அகற்றிவிட முடியும். தசைக்குள் ஊடுருவிய பிறகு சிகிச்சை மிகவும் கடினமானது. எனவேதான் இத்தனை அவசரப்படுத்துகிறேன்.

சிறுநீரியல் நிபுணர் சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றோடு சிஸ்டாஸ்கோபியும் செய்யச் சொல்வார். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தை நேரடியாகப் பார்க்கும் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்று வந்தது போதும் என்று இதைத் தவிர்த்துவிடாதீர்கள். சிறிய கட்டிகள் அதில் தப்பிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும் பரிசோதனைகள் இவையேதான். அந்த மாத்திரை, ஏற்கெனவே உள்ள கோளாறு ஒன்றை வெளியே காட்டியிருக்கலாம்.

இதற்கிடையில் கட்டிகட்டியாக இரத்தம் வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நான் 34 வயதுப் பெண். வழக்கமான உடல் பரிசோதனையில் சிறுநீரில் சிவப்பணுக்கள் 4 முதல் 6 வரை இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சிறுநீர் தெளிவாகத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், மறுபரிசோதனை வேண்டும். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். மாதவிலக்கு நாட்களுக்கு அருகில் மாதிரி கொடுத்திருந்தாலும், அதற்கு முன் கடுமையாக ஓடியிருந்தாலும் இந்த எண்ணிக்கை வரலாம். மாதவிலக்கு முடிந்து சில நாட்கள் கழித்து, கடும் உடற்பயிற்சியை 3 நாட்களாவது நிறுத்திவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுங்கள். அப்போதும் சிவப்பணுக்கள் இருந்தால், புரதம் கசிகிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைக் கொண்டே அடுத்த வழி தீர்மானமாகும். புரதமும் சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் அழற்சி இருக்கக்கூடும் என்பதால் சிறுநீரக மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையில் மட்டும் இரத்தம் என்று வந்திருந்தால் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது. தசை சிதைந்து வெளிவரும் புரதமும் அந்தப் பட்டையின் நிறத்தை மாற்றும். அதேபோல் பீட்ரூட்டும், காசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசினும் சிறுநீரைச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ ஆக்கினாலும், நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தென்படா.

கேள்வி: என் 8 வயது மகனுக்குத் தொண்டைவலி வந்து சரியாகி இரண்டு வாரங்கள் ஆகின்றன. நேற்றிலிருந்து சிறுநீர் கோலா நிறத்தில் குறைவாகப் போகிறது. காலையில் கண்ணிமைகள் வீங்கியிருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: இதைப் படித்தவுடன் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொண்டையைத் தாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை ஏற்படுத்தும்போது, ஏறக்குறைய இந்தக் கால இடைவெளியிலேயே இப்படித் தோன்றும். முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மிக உயர்ந்தால் வலிப்பு வரை கொண்டுவிடும். பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். வீக்கமும் நிறமும் சில வாரங்களில் மறைந்த பிறகும், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிவப்பணுக்கள் பல மாதங்கள், சில நேரம் ஓராண்டு வரைகூட நீடிக்கலாம். அறிக்கையில் அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதாகக் கலங்க வேண்டாம்.